காலம் என்னும் கொள்கலம்

அரபு மொழியில் 'தத்பீர்' என்றொரு சொல் உண்டு. நிருவாகம், ஏற்பாடு, திட்டமிடுதல் என்றெல்லாம் அதனைத் தமிழாக்கிக்கொள்கிறோம். அகராதி நூலோர் அச்சொல்லின் வேரைத் தேடிச் சென்று 'துபுர்' என்பதில் நிறுத்துவர். துபுர் என்றால் ஒரு பொருளின் பின்புறம். அதன் கடைசிப் பகுதி. ஆகவே, ஒரு காரியத்தின் முடிவை முதலிலேயே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பிறகு அதன் தொடக்கத்தில் கை வைப்பதே தத்பீர். வள்ளுவப் பெருந்தகை தெரிந்துசெயல்வகை, காலமறிதல், இடனறிதல், தெரிந்துவினையாடல், வினைசெயல்வகை என அதிகாரம் அதிகாரமாக வகுத்தளித்ததும் இக்கலையையே. முப்பது ஆண்டுகளாக இவ்விரு மொழிகளையும் பிள்ளைகளுக்குக் கற்பித்து வரும் எனக்கு இச்சொற்கள் ஏட்டளவில் பழக்கமானவை. அவற்றைச் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் நேரில் கண்டது, ஐம்பதைக் கடந்த பின்னர், ஒரு சிறு கட்டடத்தை முடித்துத் தரும் பொறுப்பு என் தோள்மேல் வந்தபோதுதான்.

ராஜபாளையத்தில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலை ஒட்டி ஒரு மக்தபு நடந்து வந்தது. நாற்பத்து மூன்று பிள்ளைகள். தனி அறை கிடையாது. பள்ளிவாசலின் வெளித்திண்ணையே வகுப்பறை. மழை சாய்ந்தடித்தால் பாடம் நின்றுவிடும். அதைவிட வருத்தம் தந்தது, பத்து வயதைத் தாண்டிய பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுகொண்டே வந்ததுதான். "திண்ணையில் எப்படி அனுப்புவது, ஹஜ்ரத்?" என்று தாய்மார்கள் கேட்பதில் நியாயம் இருந்தது. இரண்டு அறைகளும் ஒரு கழிப்பறையும் கட்டுவதென ஜமாஅத் முடிவெடுத்தது. பணத்தில் பெரும்பகுதி ஊர்ப் பெரியவர்களிடமிருந்து வந்தது என்பது மெய்யே. ஆயினும் சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குச் சென்று வரும் எங்கள் தெருப் பெண்கள், வாரக்கூலியில் இருபது இருபது ரூபாயாக ஓராண்டு முழுதும் எடுத்து வைத்துக் கொடுத்த தொகையும் அதில் இருந்தது. அவர்களுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு ஒன்றே: 2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து, ஷவ்வாலில் மத்ரஸா ஆண்டு தொடங்கும்போது பிள்ளைகள் புதிய அறையில் உட்காருவார்கள்.

வாக்குக் கொடுப்பது எளிது. நான் இளமையில் பணியாற்றிய ஓர் ஊரில் இதே போன்று ஒரு கட்டடம் தொடங்கினார்கள். சுவர் எழும்பியது, தூண் எழும்பியது, பிறகு எதுவும் எழும்பவில்லை. தூண்களின் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருவேறி, பதினோராண்டுகள் அப்படியே நின்றன. அவ்வூரில் திருடர் எவரும் இல்லை, கணக்கில் ஒரு காசு குறையவில்லை, எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்கள் கூடித் தொடங்கிய காரியம் ஏன் நடுவில் நின்றது என்னும் வினா அன்று முதல் என் உள்ளத்தில் கிடந்தது. ஆகவே, "நீங்கள் முன்னின்று பாருங்கள்" என்று முத்தவல்லி அவர்கள் என்னிடம் சொன்னபோது மகிழ்ச்சியைக் காட்டிலும் அச்சமே மிகுந்தது.

என் மகள் கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயின்றவள். அவளுடைய பாடநூல்களில் ஒன்று திட்ட மேலாண்மை பற்றியது. "அத்தா, இதைப் படித்துப் பாருங்கள். உங்கள் நூருல் அன்வாரைவிடக் கடினமாக இராது" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். ஆங்கிலம் எனக்கு அவ்வளவு வசப்பட்ட மொழியன்று. எனினும் அவள் அருகிலிருந்து சொல்லச் சொல்ல, இரவு இஷாவுக்குப் பின் நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் எனப் படித்தேன்.

இக்கலையின் வரலாறே ஒரு விசித்திரம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு இழுத்து, அது தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் ஒரே தாளில் காட்டும் முறையை ஹென்றி காண்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர் முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் பரப்பினார். பிறகு 1957இல் டூபாண்ட் என்னும் இரசாயன நிறுவனமும், அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படையும், வேலைகளை ஒன்றோடொன்று வலைபோலப் பிணைத்துக் கணக்கிடும் முறைகளை வகுத்தன. கடற்படை அதனைக் கையாண்டது போலாரிஸ் என்னும் ஏவுகணையைச் செய்து முடிக்க. மனித குலத்தை அழிக்கும் கருவிக்காகக் கண்ட கணக்கு, ராஜபாளையத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகள் ஓதுவதற்கு ஓர் அறை கட்ட உதவியது என்றால், அறிவு எந்தப் பாத்திரத்தில் கிடைத்தாலும் கழுவி எடுத்துக்கொள்வதே முறை என்று தோன்றுகிறது. இத்துறை நூலாசிரியர்கள் எளிய செய்திக்கும் படாடோபமான பெயர் சூட்டுவதில் பெருவிருப்பம் உடையவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சொற்குவியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது கொஞ்சமே. ஆனால் அந்தக் கொஞ்சம் கனமானது.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் வீட்டுக் கூடத்தில் பழைய நாட்காட்டித் தாள்களைக் கிழித்து, ஒரு தாளில் ஒரு வேலையாக எழுதித் தரையில் பரப்பினோம். வானம் தோண்டுதல், அஸ்திவாரம், சுவர், நிலை நிறுத்தல், சென்ட்ரிங் அடித்தல், கம்பி கட்டுதல், மின்குழாய் பதித்தல், கான்கிரீட், நீர் கட்டுதல், பூச்சு, தளக்கல், வண்ணம், கதவு மாட்டுதல், பெயர்ப்பலகை. பிறகு ஒவ்வொரு தாளையும் எடுத்து, "இதற்கு முன் எது முடிந்திருக்க வேண்டும்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டோம். கான்கிரீட்டுக்கு முன் மின்குழாய் கட்டாயம். பூச்சுக்கு முன் சென்ட்ரிங் பிரித்தாக வேண்டும். ஆனால் கழிப்பறை முதலா, சுற்றுச்சுவர் முதலா என்றால், எது முந்தினாலும் குற்றமில்லை. வழக்கம் என்பதற்காக ஒன்றை முந்தச் செய்கிறோம்.

இங்கே எனக்கு உளூவின் சட்டம் நினைவுக்கு வந்தது. முகம், கை, தலை, கால் என்னும் வரிசை ஷாஃபிஈ மத்ஹபில் ஃபர்ளு. வரிசை தவறினால் உளூ கூடாது. எங்கள் ஹனஃபி மத்ஹபில் அதே வரிசை ஸுன்னத்து. தவறினாலும் உளூ கூடிவிடும். வரிசைகளில் இத்தகைய இருவகை உண்டு என்பதை இந்நூலும் சொல்கிறது. பொருளின் இயல்பே விதிக்கும் வரிசை ஒன்று. நாமாகப் பழகிக்கொண்ட வரிசை மற்றொன்று. நெருக்கடி வரும்போது இரண்டாவதை மாற்றலாம், முதலாவதை மாற்ற முடியாது. எது எந்த வகை என்பதை அமைதியான நாளிலேயே குறித்து வைக்காதவன், நெருக்கடி நாளில் மாற்றக் கூடாததை மாற்றிவிடுவான்.

அடுத்து நாட்களைக் கணக்கிட்டோம். கொத்தனார் வந்து திண்ணையில் அமர்ந்து ஒவ்வொன்றுக்கும் நாள் சொன்னார். அஸ்திவாரம் 12, சுவர் 15, சென்ட்ரிங்கும் கம்பியும் 10, கான்கிரீட் 1, அதன்பின் நீர் கட்டி வைக்க 21, உள்பூச்சு 10, தளம் 6, வண்ணம் 5. மொத்தம் எண்பது நாள். டிசம்பரிலேயே தொடங்க எண்ணியிருந்தோம். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களின் பெருமழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. எங்கள் கொத்தனாரின் ஆட்களில் பாதிப்பேர் தாமிரபரணிக் கரையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தம் வீடுகளைப் பார்க்கச் சென்றுவிட்டதால், வேலை ஜனவரி 10ஆம் நாள்தான் தொடங்கிற்று. வகுப்புத் திறப்புக்குக் குறித்த நாள் ஏப்ரல் 22. இடையில் 103 நாள். "எண்பது நாள் வேலைக்கு நூற்று மூன்று நாளா! தாராளம்!" என்றார்கள் குழுவினர்.

மகள் பென்சிலை எடுத்தாள். 59 நாள் ஆள் வேலை. வாரத்தில் ஞாயிறு கிடையாது. பொங்கலுக்கு மூன்று நாள் கிடையாது. பெருநாள் ஏப்ரல் 11ஐ ஒட்டி வரும். எல்லாம் கழித்தபின் கையில் மிஞ்சியது ஒன்பதே நாள். அந்த ஒன்பது என்ற எண்ணைத் தாளின் ஓரத்தில் வட்டமிட்டு எழுதினாள். குழுவில் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

உஸூலுல் ஃபிக்ஹு பயின்றோர் ஒரு நுட்பத்தை அறிவர். கடமைக்குக் குறிக்கப்பட்ட காலத்தை ஹனஃபி அறிஞர்கள் இருவகையாகப் பிரிப்பர். ஒன்று 'ளர்ஃபு', அதாவது கொள்கலம். ளுஹர் தொழுகையின் நேரம் அத்தகையது; சில நிமிடத் தொழுகைக்குச் சில மணி நேரம் தரப்பட்டிருக்கிறது; கலத்தில் இடம் மிச்சமுண்டு. மற்றொன்று 'மிஃயார்', அதாவது அளவுகோல். ரமளான் நோன்பின் பகல் அத்தகையது. நோன்பும் பகலும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தி நிற்கும். ஒரு நொடிகூட மிச்சமில்லை. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ளுஹரைத் தள்ளிப் போட்டுக்கொண்டே சென்றால், தொழுது முடிப்பதற்கு மட்டுமே நேரம் எஞ்சும் ஒரு கட்டம் வரும். அப்போது விசாலமாக இருந்த கடமை நெருக்கமாகிவிடுகிறது. இனித் தள்ளுவோன் குற்றவாளி. கலம் சிறிதாகவில்லை, நாம் குடித்துத் தீர்த்துவிட்டோம்.

மேல்நாட்டார் 1957இல் கண்ட கணக்கின் உயிர்நிலை இதுதான் என்று மகளிடம் சொன்னேன். ஒரு திட்டத்தில் மிஃயார் போன்ற வேலைகள் ஒரு சங்கிலியாகக் கோத்து நிற்கும். அச்சங்கிலியில் ஒரு நாள் தவறினால் முடிவில் ஒரு நாள் தவறும். மற்றவை ளர்ஃபு, அவற்றைச் சற்று முன்பின் செய்யலாம். எங்கள் கட்டடத்தில் பெயர்ப்பலகை ளர்ஃபு, சுற்றுச்சுவர் ளர்ஃபு. நிலைகளோ மிஃயார், அவை இன்றிச் சுவர் எழும்பாது. கான்கிரீட்டின் 21 நாள் அதனினும் கடுமையான மிஃயார். குழுவில் ஒருவர், "பத்து நாளில் சென்ட்ரிங்கைப் பிரித்தால் என்ன?" என்று கேட்டார். கொத்தனார் முஸ்லிம் அல்லர். ஆனால் அறுபதாண்டுகள் எங்களிடையே வாழ்ந்தவர். "அஜரத்து, நோன்பு திறக்க மணி பார்க்கிறீங்களே, கான்கிரீட்டுக்கும் மணி இருக்கு" என்றார். நூருல் அன்வாரை எழுதிய முல்லா ஜீவன் அவர்கள் கேட்டிருந்தால் அகமகிழ்ந்திருப்பார்கள்.

கடினமான வேலையைத் தேடிப் பிடித்துக் கவலைப்படுவது நம் இயல்பு. கவலைப்பட வேண்டியது எதில் மிச்சமில்லையோ அதற்கே. மின்குழாய் பதிப்பது அரைநாள் வேலை. எவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் கான்கிரீட் விழுவதற்கு முந்திய அந்த ஒரு நாளில் அது முடியவில்லையானால், பின்னர் கூரையை உடைத்துத்தான் பதிக்க வேண்டும்.

சரி, அந்த அரைநாள் வேலைக்கு யார் பொறுப்பு? இங்கேதான் முன்சொன்ன ஊரின் துருவேறிய கம்பிகளுக்கு எனக்கு விடை கிடைத்தது. நம் கூட்டங்களில் "பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு சொல் வழங்குகிறது. பன்மையில் முடியும் அந்தச் சொல்லில் ஆள் கிடையாது. ஃபர்ளு கிஃபாயாவின் இலக்கணத்தை நாம் நன்கறிவோம்: ஊரில் சிலர் செய்தால் எல்லார் மீதுள்ள கடமையும் நீங்கும், எவரும் செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளிகள். இதன் முற்பகுதியை நம்பி ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் பிற்பகுதியே நிறைவேறுகிறது. ஆகவே ஒவ்வொரு தாளிலும் ஒரு பெயரை எழுதினோம். இரண்டு பெயர் அன்று, ஒரே பெயர். கிஃபாயாவை ஐன் ஆக்கினோம் என்று சொல்லலாம்.

இது புதுமையும் அன்று. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டியபோது, பத்துப் பேருக்கு நாற்பது முழம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளந்து பிரித்துக் கொடுத்ததாக ஸீரா நூலோர் எழுதுகின்றனர். முழு அகழும் எல்லாருடையது. ஆனால் இந்த நாற்பது முழம் இந்தப் பத்துப் பேருடையது. எங்கள் பட்டியலில் கூரைக்குப் பாத்தி கட்டி நீர் நிறுத்தும் 21 நாளும் மக்தபின் பெரிய பையன்கள் எழுவருக்கு முறை வைத்து எழுதப்பட்டன. தன் பெயரைத் தாளில் கண்ட பையன் ஸுப்ஹுத் தொழுகைக்கு முன்பே குடத்தோடு வந்து நின்றான்.

நிலைகளுக்கு வருகிறேன். இரண்டு கதவு நிலை, ஆறு சன்னல் நிலை, ஆக எட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தச்சரிடம் ஒப்படைத்திருந்தோம். எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். நான் அங்கே ஒரு பள்ளியில் வாரம் மூன்று நாள் பாடம் சொல்லப் போகிறவனாதலால், தச்சுப்பட்டறையை எட்டிப் பார்ப்பது என் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. ஜனவரி 27இல் சுவர் வேலை தொடங்க வேண்டும். 23ஆம் நாள் சென்றபோது, மரம் அறுத்து வரத் தாமதம். பிப்ரவரி 2ஆம் நாள்தான் எட்டு நிலையும் கிடைக்கும் என்றார் தச்சர். ஆறு நாள்! ஒன்பதில் ஆறு போனால் எஞ்சுவது மூன்று. பேருந்தில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்த வட்டமிட்ட எண்ணே கண்முன் நின்றது.

வீட்டில் சொன்னேன். மகள் சற்றே யோசித்துவிட்டு, "அத்தா, எட்டு நிலையும் ஒரே நாளில் எதற்கு?" என்றாள்.

கேள்வி எவ்வளவு சிறியது! கதவு நிலை தரையிலிருந்து எழும்புவது. அது இல்லாமல் சுவரைத் தொடங்க இயலாது. சன்னல் நிலையோ மூன்றடி உயரத்தில் அமர்வது. சுவர் அந்த உயரம் வருவதற்குச் சில நாள் பிடிக்கும். எட்டையும் ஒன்றாகக் கேட்டது வண்டி வாடகையை எண்ணித்தான். அது பழக்க வரிசை, பொருளின் வரிசை அன்று. மறுநாளே சென்று, கிடைத்த மரத்தில் இரண்டு கதவு நிலைகளை மட்டும் முதலில் முடித்துத் தருமாறு கேட்டுக்கொண்டேன். அவை இரண்டு வேலைநாள் தாமதமாக வந்தன. சன்னல் நிலைகள் சுவர் கேட்ட நேரத்துக்கு வந்து சேர்ந்தன. வண்டிக்கு இரட்டை வாடகை. ஒன்பதில் ஞாயிறும் சேர்த்து மூன்று நாள் மட்டுமே கரைந்தது.

இந்தச் சிறு நிகழ்ச்சியை எழுதும்போது பாம்பன் பாலத்தின் கதையை எழுதாமல் இருக்க முடியவில்லை. 1914இல் திறக்கப்பட்ட அப்பாலத்தை 1964 டிசம்பர் 22 இரவில் எழுந்த பெரும்புயல் சிதைத்தது. தனுஷ்கோடி அழிந்தது, ஒரு ரயிலே பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று, பாலத்தின் இரும்பு உத்திரங்கள் நூற்றுக்கு மேல் கடலில் வீழ்ந்தன. ஆறு மாதத்தில் சீர்ப்படுத்த ரயில்வே தவணை குறித்தது. மேலதிகாரி அதனை மூன்று மாதமாகக் குறுக்கினார். பொறுப்பு முப்பத்திரண்டு வயது ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் வந்தது. புதிய உத்திரங்கள் வந்து சேரக் காத்திருப்பதே அந்தச் சங்கிலியின் நீண்ட கண்ணி. வீழ்ந்த உத்திரங்கள் கடலடியில் கிடக்கும் இடம் மீனவர்கள் வாயிலாகத் தெரிய வந்தது. அவற்றையே மேலே தூக்கி மீண்டும் பொருத்தினார்கள். நாற்பத்தாறே நாளில் பாலம் ரயிலைத் தாங்கிற்று. பின்னர் கொங்கண் ரயில்வேயையும் தில்லி மெட்ரோவையும் நடத்திக் காட்டியவர் இவரே. எஞ்சிய நாட்களைப் பின்னோக்கி எண்ணிக் காட்டும் கடிகாரங்களைத் தம் பணியிடங்களில் தொங்கவிட்டவர் என்றும் படித்தோம். எங்கள் பையன்கள் அதைக் கேட்டுவிட்டு, பள்ளிவாசல் வாயிலில் ஒரு கரும்பலகை வைத்து, நாள்தோறும் எஞ்சிய நாளை எழுதத் தொடங்கினார்கள். தொழ வருவோர் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படும். அதனால் விளைந்த பயன் சொல்லி முடியாது. சந்தா பாக்கி வைத்திருந்தோர்கூடப் பலகையைப் பார்த்துவிட்டுக் கொடுத்தனர்.

அந்தப் பழைய பாலம் 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்தது. 2025 ஏப்ரல் 6இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்டது. நாற்பத்தாறு நாளில் செய்தது அவசரக் கோலமாக இருந்திருந்தால் அது ஐம்பத்தேழு ஆண்டுகள் நின்றிருக்குமா? விரைவு வேறு, அவசரம் வேறு.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரில், சிவகிரி மலைப்பகுதியில் பிறக்கும் பெரியாற்றின் குறுக்கே 1887 முதல் 1895 வரை பென்னிகுவிக் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டினார். வெள்ளம் தற்காலிக அணைகளை அடித்துச் சென்றது. காய்ச்சல் தொழிலாளரைக் கொண்டு சென்றது. அப்பணியில் இருந்த மெக்கன்சி என்னும் பொறியாளர் அதன் முழு வரலாற்றையும் எழுதி 1899இல் நூலாக வெளியிட்டார். வேலையை முடித்ததோடு நில்லாமல், எது எப்படித் தவறியது, எப்படிச் சரி செய்யப்பட்டது என்பதையும் பின்வருவோருக்கு எழுதி வைத்த அந்தப் பழக்கத்தை நம் ஜமாஅத்துகள் கைக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். நம் பள்ளிவாசல்களின் கல்வெட்டுகளில் கொடுத்தவர் பெயர் இருக்கும். கட்டிய விதம் இராது. உதுமானியர் இதில் முந்தினர். 1550களில் இஸ்தான்புல்லில் எழுந்த சுலைமானியாப் பள்ளிவாசலின் கணக்கேடுகள் இன்றும் உள்ளன. வேலைக்கு வந்தோரும் பெற்ற கூலியும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன.

இடையில் ஒரு செல்வர் முன்வந்து, முகப்பில் ஓர் அழகிய வளைவு கட்டித் தருவதாகவும், செலவு முழுவதும் தம்முடையதென்றும் சொன்னார். பணம் அவருடையது, நாட்கள் எங்களுடையவை. வளைவுக்கு அஸ்திவாரத்தையே அகலப்படுத்த வேண்டும் என்றார் கொத்தனார். பிள்ளைகள் உட்கார்ந்த பிறகு தனிவேலையாகச் செய்து கொள்ளலாம் என்று முத்தவல்லி அவர்கள் மிகப் பணிவாகச் சொல்லி அனுப்பினார்கள். நல்ல எண்ணத்தோடு வரும் இத்தகைய சேர்க்கைகளே பல கட்டடங்களை நடுவில் நிறுத்தியிருக்கின்றன.

வேறொரு பெரியவர், "இத்தனை தாளும் கணக்கும் தவக்குலுக்கு ஏற்றதா?" என்று கேட்டார். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய செய்தி அவருக்குத் தெரியாததன்று. ஆதலால் அதை நான் சொல்லவில்லை. தாளின் கடைசியில் நாங்கள் எழுதி வைத்திருந்த பட்டியலைக் காட்டினேன். எது நம் கைக்கு அப்பாற்பட்டது, அது நேர்ந்தால் என்ன செய்வது என்ற பட்டியல் அது. மழை, சிமெண்டு விலை, ஆள் வராமை, தேர்தல். மனிதன் தன் கை எட்டாத எல்லையை எழுதிக் காட்டிய பின்னர் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவது எளிதாகிறது என்றேன். அவர் ஒப்புக்கொண்டாரோ இல்லையோ, "தேர்தல் எதற்கு இதில்?" என்று சிரித்தார்.

அந்தத் தேர்தல் வந்தது. 2024 மார்ச் 16ஆம் நாள் அறிவிப்பு வெளியாகி நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. உரிய ஆவணமின்றி ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு செல்வோரைப் பறக்கும் படையினர் மறித்துப் பணத்தைக் கைப்பற்றினர். தச்சருக்கும் தளக்கல் கடைக்கும் கொடுக்க வேண்டிய பெருந்தொகை ரமளானிலேயே வந்தது. முன்னரே பட்டியலில் இருந்ததால், பிப்ரவரியிலேயே ஜமாஅத்தின் பெயரில் வங்கி வழியாகக் கொடுக்கும் ஏற்பாடு செய்திருந்தோம். அந்தப் பெண்களின் இருபது இருபது ரூபாய், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்க நேரவில்லை.

பிப்ரவரி 28இல் கான்கிரீட். மார்ச் 20இல் சென்ட்ரிங் பிரிப்பு. அன்று நோன்பு திறந்தபின் நாங்கள் எல்லாரும் தலையை அண்ணாந்து கூரையின் அடிப்புறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு விரிசல் இல்லை. பூச்சு, தளம் முடிந்து, ஏப்ரல் 15இல் வண்ணம் உலர்ந்தது. கரும்பலகையில் அன்று எழுதப்பட்ட எண் ஆறு. அந்த ஆறு நாளில், 19ஆம் நாள் வாக்குப்பதிவும் நடந்து முடிந்தது.

22ஆம் நாள் காலை நாற்பத்து மூன்று பிள்ளைகளோடு, நின்றுவிட்ட பெண்பிள்ளைகளில் ஒன்பது பேரும் வந்து இரண்டாவது அறையில் அமர்ந்தனர். அன்று அஸருக்குப் பின் கணக்கு வாசிக்கப்பட்டது. மதிப்பீடு ரூ.11,40,000, செலவு ரூ.11,92,000. கூடுதலான 52,000 எங்கே போயிற்று என்று திரைக்கு அப்பாலிருந்து ஓர் அம்மாள் கேட்டார். கம்பி விலை ஏற்றம், இரட்டை வண்டி வாடகை, கழிப்பறைக்குக் கூடுதல் குழாய் என வரி வரியாகப் படித்துக் காட்டினோம். "இரட்டை வாடகை எதற்கு?" என்று மீண்டும் கேட்டார். மகளே எழுந்து நிலைகளின் கதையைச் சொன்னாள்.

தாள்களையெல்லாம் ஒரு கோப்பில் கட்டி, பக்கத்து ஊர் ஜமாஅத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில் கொடுத்திருக்கிறோம். அவர்கள் மண்டபம் கட்டுகிறார்கள். பெயர்ப்பலகை மட்டும் எங்கள் கட்டடத்தில் பல மாதம் எழுதப்படாமலே இருந்தது. அதன் தாளில் இருந்த பெயர் என்னுடையது. பலகைக்கு ஏற்ற எழுத்துக்காரர் ஒருவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்து வைத்திருந்தேன், அவருக்குக் கோவில் திருவிழா முடிய வேண்டியிருந்தது.